தண்ணீர் வராத நாளில் குழாய்ப் பரீட்சை

ஸ்டாஃப் ரூமில் உங்களுக்கு நாற்காலி கிடைத்ததா? கிடைத்திருக்காது. தொழிற்கல்வி ஆசிரியர் என்றால் பாதி வாத்தியார், பாதி மேஸ்திரி என்பதுதான் இன்றைக்கும் நிலவரம். கணக்கு சார் உள்ளே வந்தால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். நாம் போனால், "மேடம், ஃபேன் ரொம்ப சத்தம் போடுது, கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். நான் வேலையில் சேர்ந்தது குழாய்ப் பணி சொல்லிக்கொடுக்க. முதல் நாள் செய்த வேலை ஃபேனுக்கு எண்ணெய் விட்டது. அதற்கு அப்புறம்தான் உட்கார ஒரு ஸ்டூல் வந்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். பாடத்திட்டம், செய்முறைப் பதிவேடு, மதிப்பெண் பிரிப்பு எல்லாம் கையேட்டில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் படித்தால் நல்ல தூக்கம் வரும். நான் கையேட்டில் இல்லாததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது. அதனால் நான் சொதப்பிய கதையைத் தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் என்னைப் பற்றி. அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது, சண்டை போட்டது எல்லாம் போர்ட் பிளேரில்தான். குடியிருப்பு டெலானிபூர் மேட்டில். பள்ளிப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் நல்வாலி மேடம். நல் என்றால் இந்தியில் குழாய், நல்வாலி என்றால் குழாய்க்காரி. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் நல்வாலி. தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் டீச்சர் என்பார்கள்.

என் குரலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் கீழே நின்று "ரெஞ்சை ஒழுங்காப் பிடி!" என்றால், மாடியில் வரலாறு படிக்கிற பிள்ளைகளும் பேனாவை ஒழுங்காகப் பிடிப்பார்கள். தப்பு செய்தால் கத்துவேன். கேள்வி கேட்டாலும், "இவ்வளவு நேரம் எங்க போயிருந்தே?" என்று கத்திவிட்டுத்தான் பதில் சொல்வேன். வகுப்பு கப்சிப்பென்று இருக்கும். அதைப் பார்த்து எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. இந்தக் குரல் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு வருஷம் வேதியியல் ஆய்வகத்தில் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுக ஆரம்பித்தது. பிரின்சிபால் ஆள் அனுப்பினார், "உங்க பசங்க ரெண்டு பேரை அனுப்புங்க" என்று. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க பாடமும் பாடம்தான் சார். எம் பிள்ளைங்க உங்களுக்கு வேலைக்காரங்க இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்து ஆய்வகப் பக்கம் போனால் தரை காய்ந்து கிடக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் என் வகுப்புப் பெண் ஒருத்தி தானாகவே போய் இணைப்பைக் கழற்றி, பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து ஒரு வளையம் வெட்டிப் போட்டு, ஒழுகலை நிறுத்தியிருக்கிறாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத வேலை அது. அழகாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அனுமதி இல்லாமல் போனதற்கு அவளை நிற்க வைத்துக் கத்தினேன்.

பள்ளி நம்மை ஓசி மேஸ்திரியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் நினைத்தது நியாயம்தான். ஆனால் நிஜமான ஓட்டை ஒன்று பள்ளிக்குள்ளேயே கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்களும் போங்கள். கரும்பலகையில் நான் வரைந்த குழாய் எதுவும் ஒருநாளும் ஒழுகியதில்லை, அதனால் அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொண்டதும் இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஜோதி. நான் சொல்ல வந்த கதை அவளுடையது.

ஜோதியின் அம்மா கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து திரும்பி வந்து அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே மின்னி பே பக்கம் வந்து சேர்ந்தார். நகரத்தின் நாலு மூலையில் நாலு வீட்டில் சமையல் வேலை. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் பள்ளிக்கு வந்தார். நாங்கள் முற்றத்தில் குழாய் வெட்டிக்கொண்டிருந்தோம்.

"டீச்சரம்மா, ஒரு முடிவு சொல்லுங்க" என்றார். "இவ பாஸாகிட்டா அப்ரெண்டிஸ் வேல கெடைக்கும்னு சொல்றா. நெசந்தானா?"

நிஜம்தான். ஓர் அரசு அலுவலகத்தின் தண்ணீர்ப் பிரிவில் பயிற்சி வேலைக்கு இரண்டு இடம் இருந்தது. சான்றிதழ் கையில் இருந்தால் ஜோதிக்கு ஒன்று என்று பேசி வைத்திருந்தேன்.

"அப்ப பாஸானா ஒங்க பேச்சு. ஆகலேன்னா எம் பேச்சு. திருப்பூர்ல எந் தங்கச்சி இருக்கா, பனியன் கம்பெனியில சேத்துவிடுறேன்னு சொல்லியிருக்கா. பரீட்சை முடிஞ்சதும் போற கப்பலுக்குப் பேரு குடுத்தாச்சு."

ஜோதி கையில் ரெஞ்சோடு நின்றிருந்தாள். "அம்மா, எனக்குக் கப்பல்ல வாந்தி வரும்" என்றாள்.

"மூணு நாள் வாந்தி எடுத்தா யாரும் செத்துற மாட்டாங்கடி" என்றார் அம்மா.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜோதியும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அவள் வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் ஒரு நூல் கூடவோ குறையவோ இருந்தது. இந்தப் பெண்ணுக்குத் தீவை விட்டுப் போகப் பயம் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கு அங்கே சித்தியை விட்டால் யாரையும் தெரியாது. பனியன் பிடிக்காது. குழாய் பிடிக்கும். நான் பத்தொன்பது வருஷம் பாடம் நடத்தியதில், குழாயைப் பிடிக்கும் என்று சொன்ன ஒரே பிள்ளை அவள்தான்.

இனி தண்ணீர் நாள். மெயின்லேண்டிலிருந்து வந்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன், இங்கேயே பிறந்தவர்கள் தாண்டிப் போகலாம். வெயில் காலத்தில் நம் ஊர்க் குழாயில் தினமும் தண்ணீர் வராது. ஏரியாவுக்கு ஏரியா நாள் பிரித்துக்கொண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் வரும். ஊரே அதை வைத்துத்தான் நடக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, போர்வை துவைப்பது, பெண் பார்க்க வரச் சொல்வது எல்லாம் பானி நாளில், அதாவது தண்ணீர் நாளில். ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போவதென்றால், "உங்க ஏரியாவுக்கு என்னிக்கு?" என்று முதலில் கேட்டுக்கொள்வது இங்கே மரியாதை. எங்கள் டெலானிபூர் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் தண்ணீர் நாளுக்கெல்லாம் நான் நீலப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருப்பேன். பள்ளி இருப்பது மேட்டுக்குக் கீழே, வேறு ஏரியா. எங்களுக்கு வந்த மறுநாள்தான் அங்கே தண்ணீர் வரும்.

இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். வருஷக்கணக்காகத் தெரியும்.

ஜோதியின் அம்மா வந்து போன அதே வாரம், சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது தேர்வு வாரியத்திலிருந்து போன் வந்தது. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், செய்முறைத் தேர்வுக்கு ஒரு தேதி சொல்லுங்கள், சொன்ன பிறகு மாற்ற முடியாது என்றார்கள். குழாய் பொருத்திய பிறகு அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பதுதான் எங்கள் தேர்வின் உயிர். அதில் தேறாவிட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் பிரயோஜனமில்லை. தண்ணீர் நாளாக இருந்தாக வேண்டும். நான் பெரிய பந்தாவாக, "ஒரு நிமிஷம், தண்ணி நாள் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லி, கண்ணெதிரே இருந்த நீல வட்டத்தைப் பார்த்துத் தேதியைச் சொல்லிவிட்டேன். கடுகு கருகிவிட்டது. எனக்கு அதுதான் அன்றைய கவலை. மறுநாள் வகுப்பிலும் அந்தத் தேதியை அறிவித்துவிட்டேன்.

தேர்வு அன்று காலையில் வீட்டில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. டிரம், வாளி, அண்டா, குக்கர் எல்லாம் நிரப்பினேன். "பரீட்சை நாளும் பானி நாளும் ஒண்ணா வந்திருக்கு பாருங்க" என்று கணவரிடம் பெருமை பேசினேன். அவர், "உன் ஸ்கூலுக்கும் இன்னிக்குத்தானா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதா?" என்று அவரிடமும் கத்திவிட்டுக் கிளம்பினேன்.

பள்ளி முற்றத்தில் பதினோரு பிள்ளைகளும் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். நான் போய்த் தெருக் குழாயிலிருந்து வரும் வால்வைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அவ்வளவுதான். காற்று.

அந்த நொடியில் என் சமையலறைக் காலண்டர் முழுசாகக் கண் முன்னால் வந்து நின்றது. மொட்டை மாடித் தொட்டி விரிசல் விட்டு மாதக்கணக்காயிற்று. கையால் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிற பம்ப், நாங்கள் கேட்ட பட்டியலில் இரண்டு வருஷமாக இருக்கிறது, அடுத்த கப்பலில் வரும் என்று எல்லாக் கப்பலுக்கும் சொல்கிறார்கள். பள்ளியில் அன்றைக்கு இருந்த மொத்தத் தண்ணீர், பிள்ளைகளின் பாட்டிலில் இருந்ததும் பிரின்சிபாலின் ஃப்ளாஸ்கில் இருந்ததும்தான்.

பிரின்சிபால் வந்தார். "மேடம், பானி கஹான் ஹை?" தண்ணீர் எங்கே என்கிறார்.

உங்களுக்குச் சொல்கிறேன், நெருக்கடி வரும்போது வாயிலிருந்து முதலில் வருகிற வாக்கியம்தான் ஆபத்தானது. அதை நாம் யோசித்துச் சொல்வதில்லை. எனக்கு வந்த வாக்கியம் இது: "சார், ஆபீஸ்ல திடீர்னு தண்ணி நாளை மாத்திட்டாங்க சார். நமக்கு ஒரு வார்த்தை சொல்லல."

சொன்ன உடனே எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், வெட்கக்கேடு. பிரின்சிபால் கொதித்துப் போனார். "ஐசா கைசே கரேங்கே?", இப்படி எப்படிச் செய்யலாம் என்று கத்தி, தண்ணீர் அலுவலகத்துக்குக் கண்டனக் கடிதம் அடிக்கச் சொல்லி கிளார்க்கை அழைத்தார். பிள்ளைகள் அலுவலகத்தைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டினேன். ஜோதி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வாளர் வந்து சேர்ந்தார். மதுரைப் பக்கத்து மனிதர், குழாய்த் தொழிலிலேயே தலை நரைத்தவர். முந்தின நாள்தான் விமானத்தில் வந்திருக்கிறார். முகமே சரியில்லை.

"என்னம்மா ஊரு இது?" என்றார் என்னிடம். "கெஸ்ட் ஹவுஸ்ல ஒத்த வாளி தண்ணி குடுத்தாய்ங்க. கேட்டா, இன்னிக்கு எங்க நாள் இல்லேங்கிறாய்ங்க. ஒத்த வாளியில மனுசன் எதக் கழுவுறது?"

அவரிடம் போய் இங்கேயும் தண்ணீர் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன். அதே பொய்யோடு சேர்த்துத்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மதியம் ஒரு மணிக்கு நான் இன்னொரு ஸ்கூலுக்குப் போகணும். நாளைக்குக் காலையில ஃப்ளைட்டு. சோதனை நடக்கலேன்னா 'நடத்தப்படவில்லை'ன்னு எழுதிட்டுப் போறதத் தவிர எனக்கு வேற வழி இல்லம்மா. அடுத்த தடவை வரும்போது பாக்கலாம்."

அடுத்த தடவை என்பது அடுத்த வருஷம். கப்பல் அதற்கு முன்னால் போய்விடும். நான் தண்ணீர் லாரிக்குப் போன் போட்டேன். "லிஸ்ட் மே நஹி ஹை மேடம்", பட்டியலில் பள்ளி இல்லை என்றார்கள். கெஞ்சினேன், உறவு சொல்லிப் பார்த்தேன், குரலை உயர்த்தினேன். என் குரலுக்கு லாரி பயப்படவில்லை.

"சார்" என்றாள் ஜோதி. என்னிடம் இல்லை, நேராகத் தேர்வாளரிடம். "தண்ணியிலதான் செக் பண்ணணுமா சார்? காத்து அடிச்சுப் பாக்கலாமா? எங்க வீட்ல கேஸ் ட்யூபுக்கு அம்மா சோப்பு நுரை தடவித்தான் பாப்பாங்க. லீக் இருந்தா முட்டை விடும்."

வேறொரு நாளாக இருந்தால், கேட்காமல் பேசியதற்கு நான் கத்தியிருப்பேன். அன்று கத்த எனக்குத் தொண்டையில் ஈரம் இல்லை.

தேர்வாளர் தாளைப் புரட்டினார். ஒரு விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "அழுத்தச் சோதனைன்னுதான் போட்டிருக்கு" என்றார் மெதுவாக. "தண்ணின்னு போடல. கொறஞ்ச காத்துதான் அடிக்கணும், வேடிக்கை காட்டக் கூடாது. அழுத்தம் காட்டுற கேஜ் எங்கிட்ட இருக்கு. பம்ப் இருக்கா?"

பி.டி. சாரிடம் ஒரு சைக்கிள் பம்ப் இருந்தது. அவர் அதை யார் கையிலும் கொடுத்ததில்லை. பிரின்சிபாலே நேரில் போய் வாங்கி வந்தார். அப்புறம் அரை மணி நேரம் நடந்ததை நான் எத்தனை வகுப்பு எடுத்தாலும் நடத்தியிருக்க முடியாது. ஒருவன் குழாய் மூடியில் துளை போட்டான். ஜோதி பழைய ட்யூபிலிருந்து வால்வை வெட்டி, அதில் நுழைத்து, ரப்பர் வைத்து முறுக்கினாள். இன்னொருத்தி கேஜுக்கு ஓர் இணைப்பு செய்தாள். மூன்று தடவை காற்று போனது, நாலாவது தடவை நின்றது. தேர்வாளர் கைப்பையைத் தூரப் போட்டுவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். குளிக்காததை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அரை மணி அதில் போனதால், குழாய் பொருத்தும் நேரம் அரை மணி குறைந்தது. பிள்ளைகள் பறந்து பறந்து வேலை செய்தார்கள். பிரின்சிபாலின் ஃப்ளாஸ்க் தண்ணீரில் சோப்பு கரைத்து, பழைய ஷேவிங் பிரஷால் ஒவ்வொரு இணைப்பிலும் நுரை தடவினோம். ஒன்று, இரண்டு, மூன்று. கேஜ் முள் அசையவில்லை. நுரை நுரையாகவே இருந்தது. பத்து பேர் தேறினார்கள். நேரம் முடிந்தது என்று மணி அடித்தாகிவிட்டது. ஜோதியுடையது கடைசி.

முள் நின்றது. எல்லோரும் மூச்சு விட்டோம். அப்புறம் பார்த்தால் முள் ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது. தேர்வாளர் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்தேன். வளைவின் அடிப்பக்கம், சுவரை ஒட்டிய இடத்தில், நுரையில் ஒரு முட்டை. பட்டாணி அளவு இருக்கும். வெயிலில் பளபளவென்று மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

நான் நின்ற இடத்திலிருந்து மட்டும்தான் அது தெரிந்தது. என் புடவைத் தலைப்பு அதிலிருந்து நாலு விரல் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. லேசாகத் திரும்பினால் போதும், முட்டை இருக்காது. முள்ளைப் பற்றிக் கேட்டால், வால்வில் காற்று போகிறது சார் என்று சொல்லலாம். காலையிலேயே ஒரு பொய் சொல்லிப் பழகியிருந்த வாய், அடுத்ததுக்குத் தயாராகவே இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, நான் திரும்ப ஆரம்பித்துவிட்டேன்.

"டீச்சர், தள்ளிக்கங்க" என்றாள் ஜோதி. "அது என் லீக்கு."

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், இங்க முட்டை விடுது" என்று அவளே தொட்டுக் காட்டினாள். "டேப்பை மரைக்கு எதிர்ப்பக்கமா சுத்திட்டேன் சார். முறுக்கும்போதே தெரிஞ்சுது. கழட்டிப் போட டைம் இல்லன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

கை பாவாடை ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கப்பல், மூன்று நாள் வாந்தி, திருப்பூர். எல்லாம் தெரிந்துதான் சொன்னாள். பதினேழு வயசு. எனக்கு அன்று ஐம்பத்து நாலு.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து கிளார்க், தண்ணீர் அலுவலகத்துக்கான கண்டனக் கடிதத்தைப் பிரின்சிபாலின் கையெழுத்துக்கு நீட்டினார்.

"சார், அதுல கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. "ஆபீஸ்ல யாரும் எதையும் மாத்தல. நான்தான் எங்க வீட்டுத் தண்ணி நாளைப் பார்த்து ஸ்கூலுக்குத் தேதி குடுத்துட்டேன். இன்னிக்கு டெலானிபூருக்குத் தண்ணி. இங்க நாளைக்கு. காலையில பொய் சொல்லிட்டேன்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரின்சிபால், "அரே மேடம்!" என்று தலையில் கை வைத்தார். தேர்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சிரிக்கப் போகிறாரா திட்டப் போகிறாரா என்று தெரியவில்லை.

"அப்ப அந்த அரை மணி?" என்றார்.

"எந்த அரை மணி சார்?"

"பம்ப் செஞ்ச அரை மணிம்மா. ஆபீஸ்காரன் நாளை மாத்திட்டான்னா அது யார் கையிலயும் இல்லாத விசயம், மணி அடிச்சா அடிச்சதுதான். பள்ளிக்கூடம் செஞ்ச தப்புன்னா பிள்ளைக்குச் சேர வேண்டிய நேரத்த நான் திருப்பிக் குடுத்தாகணும். அப்பிடித்தான் விதி." பேனாவை எடுத்தார். "எழுதிருவேன். பொறுப்பு ஆசிரியரோட கவனக்குறைவுன்னு உங்க பேரப் போட்டு எழுதுவேன். சம்மதமா?"

"எழுதுங்க சார்."

"அரை மணி யாருக்கெல்லாம் வேணும்?" என்று பிள்ளைகளைக் கேட்டார். பத்து பேரும் வேண்டாம் என்றார்கள். ஜோதி ஏற்கெனவே ரெஞ்சை எடுத்துவிட்டாள்.

கழற்றினாள். மரையில் சுற்றியிருந்த பழைய டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தாள். புது டேப்பைச் சரியான பக்கம், ஒவ்வொரு சுற்றாக, அவசரமில்லாமல் சுற்றினாள். வகுப்பில் நான் இப்படியொரு நிதானத்தை அவளுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முறுக்கினாள். காற்று அடித்தாள். நுரை தடவினாள். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். நான் சாமியெல்லாம் கும்பிட்டேன். முள் அசையவில்லை.

"ம்" என்று ஒரு டிக் போட்டார். அவ்வளவுதான். பிள்ளைகள் போட்ட கூச்சலில் மாடியில் வரலாற்று வகுப்பு நின்று போனது.

கிளம்பும்போது அவரிடம், "சார், எங்க வீட்ல இன்னிக்குப் பானி நாள். டிரம் எல்லாம் நிறைஞ்சிருக்கு" என்றேன். அவர் உடனே புரிந்துகொண்டார். இன்னொரு பள்ளியை முடித்துக்கொண்டு சாயங்காலம் வந்தார். ஒரு டிரம் முழுக்கக் காலி செய்தார். குளித்துவிட்டு வந்தபோதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். அந்த மனிதரின் அறிக்கையால் எனக்கு ஒரு மெமோ வந்தது. என் வேலைக்காலத்தில் வாங்கிய ஒரே மெமோ. பத்திரமாக வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால், தப்பை ஒத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். முடியவில்லை.

மறுநாள் முற்றத்தில் ரெஞ்சுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம். ஜோதியிடம், "நேத்து காலையில ஏன் அப்படி என்னையே பார்த்துக்கிட்டு நின்னே?" என்று கேட்டேன்.

அவள் ரெஞ்சையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குத் தெரியும் டீச்சர். அம்மா நாலு ஏரியாவுல வேல செய்றாங்கல்ல, எந்த ஏரியாவுக்கு எந்த நாள்னு எங்க வீட்ல எல்லாருக்கும் மனப்பாடம். நீங்க தேதி சொன்ன அன்னிக்கே தெரியும், அது ஸ்கூலோட நாள் இல்லேன்னு."

"அன்னிக்கே தெரியுமா? ஏன் சொல்லல?"

"டேங்கர் ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன்." ரெஞ்சைத் திருப்பி மறுபக்கம் துடைத்தாள். "அதோட, கேட்டா கத்துவீங்கல்ல டீச்சர்."

ஒரு மாதம். ஒரு மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே போன் செய்து தேதியை மாற்றக் கெஞ்சியிருப்பேன். தன் வாழ்க்கையே அந்தத் தேதியில் தொங்குகிறது என்று தெரிந்தும், என் வாயைத் திறக்க வைப்பதைவிட டேங்கரை நம்புவது சுலபம் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. வகுப்பு கப்சிப்பென்று இருப்பதைப் பார்த்து நான் பட்ட பெருமை ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய்க் கையோடு கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, அதைக் கழுவப் போனால், அன்றைக்கு நல்லவேளை பள்ளிக்குத் தண்ணீர் நாள்.

அதற்கப்புறம் நான் கத்தவே இல்லை என்று சொன்னால் என் பழைய மாணவர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். கத்தினேன். ஆனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் கடைசி வகுப்பில், "இந்த வாரம் நான் எதுல தப்பு பண்ணினேன்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருவேன். முதல் மாதம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தார்கள் பாருங்கள், மணி அடித்த பிறகும் மூடவில்லை. நீங்களும் செய்து பாருங்கள். முதலில் ரத்தம் கொதிக்கும், போகப் போகப் பழகிவிடும்.

ஜோதி கப்பல் ஏறவில்லை. பயிற்சி முடித்து இப்போது அதே தண்ணீர்ப் பிரிவில் வேலை. எந்தத் தெருவுக்கு எந்த நாளோ, அன்றைக்கு அவள் கையால்தான் வால்வு திறக்கிறது. அவளுடைய அம்மா இப்போதும் நாலு வீட்டில் சமைக்கிறார். தண்ணீர் எப்போது வரும் என்று அந்த நாலு வீட்டுக்காரர்களும் அவரைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மிடுக்கு இருக்கும், பார்த்திருக்கிறேன்.

போன வாரம் காலையில் வெறும் வாளியை வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றிருந்தேன். நீல வட்டம் போட்ட நாள்தான், சந்தேகமே இல்லை. ஒரு சொட்டு வரவில்லை. போன் அடித்தது. ஜோதி.

"டீச்சர், உங்க ஏரியாவுக்கு இன்னிக்குத் தண்ணி சாயங்காலந்தான். நான்தான் ஒரு வால்வை மாத்தித் தெறந்துட்டேன். ஆபீஸ்ல சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லிடலாம்னு போன் பண்ணேன்."

கத்துவேன் என்ற பயமில்லாமல் அவளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வாளித் தண்ணீர். அதில் குளித்தேன். அன்றைக்குக் குளித்த மாதிரி நான் என்றைக்கும் குளித்ததில்லை.